குண்டை விழுங்கிய மதில்

பீரங்கிகளோடு வந்த இரண்டு முற்றுகைகளைத் தாங்கிய கோட்டை அது. இன்று உள்ளே போகிறவர்களிடம் அங்குள்ள காவலர்கள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: சுவரில் உட்காராதீர்கள், ஏறாதீர்கள். இரும்புக் குண்டுக்கே அசையாத மதில், எட்டு வயதுப் பிள்ளை ஏறி உட்கார்ந்தால் கெட்டுவிடுமா என்று கேட்கத் தோன்றும். கெட்டுவிடும். குண்டைத் தாங்கியதற்கும் பிள்ளையின் கால்சட்டை உரசினால் உதிர்வதற்கும் காரணம் ஒன்றே. அந்தக் கோட்டையைப் பூங்காவாக வைத்துக் காப்பாற்றுவதில் உள்ள தலைவலி எல்லாம் அந்தக் காரணத்திலிருந்துதான் வருகிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், அட்லாண்டிக் கரையோரம் இருக்கிறது செயின்ட் அகஸ்டின் நகரம். ஸ்பானியர்கள் 1565இல் குடியேறிய ஊர். அந்த ஊரின் விளிம்பில், மட்டான்சாஸ் விரிகுடாவைப் பார்த்தபடி நிற்கிறது காஸ்டீயோ டி சான் மார்கோஸ். நான்கு மூலையிலும் அம்பு முனைபோல் நீண்ட கொத்தளங்கள், சுற்றிலும் அகழி, அதற்கும் வெளியே சரிந்து இறங்கும் புல்வெளி. எல்லாம் சேர்த்துச் சுமார் 20 ஏக்கர். அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

மதிலுக்கு அருகில் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். தூரத்திலிருந்து சாம்பல் நிறக் கருங்கல் மாதிரித் தெரிந்தது, ஒரு முழத் தூரத்தில் கிளிஞ்சல் குவியலாக மாறிவிடும். விரல் நகம் அளவுள்ள சிப்பிகள், பாதி சிப்பிகள், நொறுங்கிய சிப்பிகள். நடுவே மணல், அதைவிட அதிகமாக வெற்றிடம். கார்த்திகைத் தீபத்துக்குப் பிடிக்கிற பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பாகு, பொரிகளுக்கு நடுவே உள்ள இடம் முழுவதையும் நிரப்புவதில்லை. பொரியும் பொரியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும் ஒட்டவைக்கிறது. மிச்சமெல்லாம் காற்று. இந்தக் கல்லும் அப்படித்தான். ஸ்பானிய மொழியில் இதற்குப் பெயர் கோக்கினா, அதாவது சின்னச் சிப்பி.

இங்கே பாகு எங்கிருந்து வந்தது? சிப்பியிலிருந்தேதான். அலை ஏறி இறங்கும் மணலில் புதைந்து வாழும் டோனாக்ஸ் என்ற சிறு மட்டி இனத்தின் ஓடுகள்தான் இதில் பெரும்பகுதி. ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, கடல்மட்டம் இன்றைக்கும் மேலே நின்ற காலங்களில் அவை கரையோரம் மேடுமேடாகக் குவிந்தன. பிறகு பனியுகம் வந்து கடல் பின்வாங்கியது. மேடுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட்டைக் கொஞ்சம் கரைத்து, கீழே இறங்கும் வழியில் ஓடும் ஓடும் தொடும் இடுக்குகளில் கால்சைட் படிகமாக மறுபடி படிய விட்டது. ஒட்டுவேலை அவ்வளவுதான். கொத்தனாரும் இல்லை, சூளையும் இல்லை.

ஸ்பானியர்களுக்கு இந்தக் கல்லின்மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. வேறு கல் கிடைக்காத மணற்பாங்கான ஊர் அது. நூறாண்டுக்கு மேலாக மரக்கோட்டைகளையே ஒன்று மாற்றி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அவை இற்றுப்போயின, எரிந்தன, புயலில் போயின. 1668இல் கடற்கொள்ளையர்கள் ஊரைச் சூறையாடினார்கள். 1670இல் ஆங்கிலேயர்கள் வடக்கே சார்ல்ஸ்டனில் வந்து உட்கார்ந்தார்கள். இனி மரம் சரிப்படாது என்று மாட்ரிட்டுக்கும் புரிந்தது. 1672 அக்டோபரில் வேலை தொடங்கியது. விரிகுடாவுக்கு எதிரே உள்ள அனஸ்டேசியா தீவில் கல் வெட்டி, படகில் ஏற்றி, இக்கரை கொண்டுவந்து அடுக்கினார்கள். 1695இல் முடிந்தது. 23 ஆண்டுகள்.

வெட்டியவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹவானாவிலிருந்து வந்த கல்தச்சர்கள் சிலர். சுமந்தவர்களும் தோண்டியவர்களும் பெரும்பாலும் அந்த மண்ணின் பூர்வகுடிகளான திமுக்குவா, குவாலே, அப்பலாச்சி மக்கள்; அவர்களோடு தண்டனைக் கைதிகளும், அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும். ஸ்பானிய மன்னரின் கோட்டை என்று வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதுவது சுலபம்.

இந்தக் கல் நிலத்துக்குள் இருக்கும்போது ஈரத்தில் ஊறி மெதுவாக இருக்கும், கோடரியாலும் வெட்டலாம். வெளியே எடுத்து மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உலரவிட வேண்டும். நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த கால்சைட்டும் படிந்து கல்லை இன்னும் இறுக்குகிறது. சாந்துக்குச் சுண்ணாம்பும் கடலிலிருந்தே வந்தது. ஆளிச் சிப்பி ஓடுகளைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்துக் குழைத்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு தெரிந்த நமக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. மொத்தத்தில், கோட்டையின் கல்லும் சிப்பி, சாந்தும் சிப்பி, மேற்பூச்சும் சிப்பி.

1702 நவம்பரில் கரோலினாவிலிருந்து ஆங்கிலேய ஆளுநர் ஜேம்ஸ் மூர் படையோடு வந்தார். ஊர்மக்களும் சிப்பாய்களுமாகச் சுமார் 1,500 பேர் கோட்டைக்குள் அடைந்துகொண்டார்கள். ஏறக்குறைய 50 நாள் முற்றுகை. ஹவானாவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் வந்ததும் மூர் ஊரைக் கொளுத்திவிட்டுத் திரும்பினார். கோட்டை அப்படியே இருந்தது. 1740இல் ஜார்ஜியாவிலிருந்து ஜேம்ஸ் ஓகிள்தார்ப் வந்தார். கல்வெட்டிய அதே அனஸ்டேசியா தீவில் பீரங்கிகளை நிறுத்தி, விரிகுடாவைத் தாண்டிச் சுட்டார். 27 நாள் சுட்டும் மதில் உடையவில்லை. குண்டுகள் கல்லுக்குள் சில அங்குலம் புகுந்து அங்கேயே நின்றன.

எப்படி? ஒரு சின்னக் கணக்கு போடலாம். 8 கிலோ எடையுள்ள இரும்புக் குண்டு, மதிலை அடையும்போது விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 160 கிலோஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால் எவ்வளவோ, அவ்வளவு. அதுவும் ஒரு தேங்காய் அளவுள்ள இடத்தில். அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும்.

கருங்கல்லைப் போன்ற அடர்ந்த கல்லில் அது அதிர்வலையாகப் பாயும். கல்லின் மறுமுகத்தில் மோதித் திரும்பும்போது அழுத்தம் இழுவிசையாக மாறும். கல்லுக்கு அழுத்தம் பிடிக்கும், இழுவிசை ஆகாது. விரிசல் விழும். விழுந்த விரிசலின் நுனியில் விசை குவிவதால் அது ஓடிக்கொண்டே இருக்கும். லாரி தகட்டில் விரிசல் விட்டால் அனுபவப்பட்ட வெல்டர் என்ன செய்வார்? விரிசலின் நுனியில் ஒரு துளை போடுவார். கூர்மையான நுனி வட்டமாக மழுங்கிவிடுவதால் விசை பரவி, விரிசல் அங்கேயே நின்றுவிடும். கோக்கினா முழுவதுமே அப்படிப்பட்ட துளைகள். எந்தப் பக்கம் விரிசல் கிளம்பினாலும் ஒரு விரற்கடைக்குள் ஏதாவது ஒரு வெற்றிடத்தில் போய் விழுந்துவிடும். குண்டு விழுந்த இடத்தில் மட்டும் சிப்பிகளின் ஒட்டு ஆயிரக்கணக்கான இடங்களில் விட்டு, நொறுங்கி, வெற்றிடத்துக்குள் நெரிபட்டு அடங்கும். ஒவ்வொரு ஒட்டு விடும்போதும் கொஞ்சம் ஆற்றல் செலவாகிறது. குண்டின் கையிருப்பு தீர்ந்ததும் நின்றுவிடுகிறது.

இதை ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தும் பார்த்தார்கள். கோக்கினா துண்டுகள்மீது சிறிய எஃகு உருண்டைகளை வேகமாகச் செலுத்தி, அதேபோல் மணற்கல்மீதும் செலுத்தி ஒப்பிட்டார்கள். 2015இல் வெளிவந்த முடிவு மேலே சொன்ன விளக்கத்தை ஒட்டியே இருந்தது: அடிபட்ட இடம் நசுங்குகிறது, சுற்றியுள்ள கல் பிழைத்துக்கொள்கிறது.

ஆனாலும் எல்லாப் பெருமையையும் கல்லுக்கே கொடுப்பது நியாயமில்லை. மதிலின் அடிப்பகுதி 12 அடிக்குக் குறையாத தடிமன். ஓகிள்தார்ப் விரிகுடாவுக்கு அப்பாலிருந்து சுட்டதால் குண்டுகள் வேகமிழந்தே வந்து சேர்ந்தன. அதோடு அது வழவழப்பான குழாய்ப் பீரங்கிகளின் காலம். 1862இல், இதே கரையோரம் ஜார்ஜியாவிலிருந்த செங்கல் கோட்டை ஃபோர்ட் புலாஸ்கி, குழாயில் புரிவெட்டிய புதுப் பீரங்கிகளுக்கு முன்னால் ஒன்றரை நாள்கூடத் தாங்கவில்லை. நம் கோட்டைக்கு அந்தச் சோதனை வரவே இல்லை. அதன் நல்ல காலம்.

இந்தக் கோட்டையை யாரும் ஒருபோதும் சண்டையிட்டுப் பிடித்ததில்லை, ஒப்பந்தங்களின் வழியே நாடு விட்டு நாடு கைமாறியது. 1763இல் பிரிட்டனுக்கு, 1783இல் மறுபடி ஸ்பெயினுக்கு, 1821இல் அமெரிக்காவுக்கு. அமெரிக்க ராணுவம் இதைச் சிறையாக்கியது. செமினோல் தலைவர் ஒஸியோலா 1837இல் இங்கே அடைபட்டார். 1875 முதல் மேற்கத்தியச் சமவெளிகளின் பூர்வகுடியினரும், 1886இல் அப்பாச்சிகளும் குழந்தை குட்டிகளோடு கொண்டுவரப்பட்டார்கள். குண்டுக்குப் பயந்து மக்கள் ஒளிந்த கோட்டைக்குள்ளேயே பின்னால் மக்களைப் பூட்டினார்கள். 1900இல் ராணுவப் பணி முடிந்தது. 1924இல் தேசிய நினைவுச் சின்னம். 1933இல் தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது.

பூங்கா என்று சொல்கிறோமே, அந்தப் புல்வெளி எப்படி வந்தது தெரியுமா? கோட்டையைச் சுற்றி மரமோ வீடோ இருக்கக் கூடாது; எதிரி ஒளிய இடம் கிடைத்துவிடும். அதனால் அகழிக்கு வெளியே மண்ணைக் கொட்டிச் சரிவாக்கி வெட்டவெளியாக விட்டார்கள். ஏறி வருகிறவன் தலை முதல் கால்வரை மதில்மேல் இருப்பவனின் துப்பாக்கிக்குத் தெரிவான். எதிரியின் குண்டோ மதிலின் அடிப்பகுதியை எட்டாமல் அந்த மண்மேட்டில் புதையும். ஆளைக் கொல்வதற்காகக் காலியாக வைத்த அந்த நிலத்தில்தான் இன்று குடும்பங்கள் விரிப்பு போட்டு உட்கார்ந்திருக்கின்றன. நெரிசலான ஒரு சுற்றுலா ஊரின் நடுவில், கடலைப் பார்த்தபடி இவ்வளவு வெற்றிடம் வேறு எந்த வழியிலும் மிஞ்சியிருக்காது.

இனி தலைவலிக்கு வருவோம். குண்டை விழுங்கிய அதே துளைகள் நீரையும் விழுங்குகின்றன.

நம் ஊரில் கடலோர வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும்: சுவர் ஓதம் காக்கும், உப்பு பூக்கும், பூச்சு பொரிந்து உதிரும். தரையிலிருந்து ஈரம் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து அப்புகிறது. வெயில் ஏறியதும் நீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. அது துளைக்குள் படிகமாக வளரும். வளரும் படிகம் துளையின் சுவரை நெட்டித்தள்ளும். மறுநாள் ஈரத்தில் கரையும், வெயிலில் மறுபடி வளரும். இப்படி நாள்தோறும், 300 ஆண்டுகள். குண்டு வந்து மோதியபோது ஒருமுறைதான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. உப்பு தினமும் கேட்கிறது. மழையும் சேர்ந்துகொள்கிறது. சிப்பிகளை ஒட்டவைத்த அதே லேசான அமிலம்தான் இப்போது ஒட்டைக் கரைக்கிறது. ஒட்டு நலிந்த சிப்பிகளை உதிர்க்க ஒரு பிள்ளையின் குதிகால் போதும்.

பராமரிப்பவர்களே செய்த பிழையும் உண்டு. சொல்லப்போனால் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். கோட்டை என்றால் அகழியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று நம் எல்லோருக்கும் ஒரு எண்ணம். இந்தக் கோட்டையின் அகழி அடிப்படையில் வறண்ட அகழி. முற்றுகைக் காலத்தில் ஊராரின் மாடுகளை அங்கே கட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டில் அதில் நீரை நிறுத்தினார்கள். பார்க்க அழகாக இருந்தது, படத்துக்கும் நன்றாக அமைந்தது. ஆனால் அஸ்திவாரம் நிரந்தரமாக உப்புநீரில் ஊறியது; மதில் அந்த நீரைத் திரிபோல் உறிஞ்சி மேலே அனுப்பியது. கோட்டைக்கு ஆபத்து என்று தெரிந்து 1990களில் நீரை வடித்தார்கள். இப்போது அகழியில் புல்தான் இருக்கிறது. வருகிறவர்களில் பலருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். அந்த ஏமாற்றம்தான் சரியான பராமரிப்பு.

இன்னொரு பொதுவான பிழை, சிமென்ட். பழைய கட்டடத்தில் சாந்து உதிர்ந்த இடத்தில் சிமென்டை வைத்து அப்புவது உலகமெங்கும் நடந்தது. நம் கோயில் மதில்களிலும் பார்க்கலாம். சிமென்ட் பலமானது, அதனால் நல்லது என்று தோன்றும். இங்கே பலம்தான் வினை. சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மெதுவானது, மூச்சு விடக்கூடியது. சுவருக்குள் இருக்கும் ஈரம் சாந்து வழியே வெளியேறும், உப்பு சாந்தில் பூக்கும், சாந்து உதிரும், கொத்தனார் வந்து புதுச் சாந்து வைப்பார். கல் பிழைக்கும். சிமென்ட் ஈரத்தை விடாது. ஈரம் வேறு வழியின்றிக் கல் வழியே வெளியேற, உப்பு கல்லில் பூத்து, கல் உதிரும். சில ஆண்டுகளில் சிமென்ட் பட்டை மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் கல் குழிந்து போயிருக்கும்.

மதிலின் கறுப்பு நிறம் அழுக்கல்ல; ஈரக் கல்லில் வளரும் நுண்பாசியும் கற்பாசியும். உயரழுத்த நீர்ப்பீச்சியால் அடித்துக் கழுவினால் ஒரே காலையில் பளிச்சென்று ஆகிவிடும். கூடவே மேற்பரப்புச் சிப்பிகளும் போய்விடும்.

நாம் இன்று பார்க்கும் சாம்பல் கோட்டையை ஸ்பானியர்கள் பார்த்ததே இல்லை. அவர்கள் காலத்தில் மதில் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, மூலைக் காவற்கூண்டுகளுக்குச் சிவப்பு. கடலில் வரும் கப்பலுக்கு ஸ்பானியக் கொடியின் நிறங்களாகத் தெரியட்டும் என்று அப்படி. பூச்சு அழகுக்கு மட்டுமல்ல, கல்லுக்குக் குடை. மழையும் உப்பும் முதலில் அதைத்தான் தின்னும். நூறாண்டுகளாக யாரும் பூசாமல் விட்டதில் அது உதிர்ந்து போனது. வெறுங்கல்லின் தோற்றமே பழமை என்று நமக்குப் பழகிவிட்டது. மறுபடி வெள்ளையடித்தால், பழமையைக் கெடுத்துவிட்டார்கள் என்று முதல் கூக்குரல் சுற்றுலாப் பயணிகளிடமிருந்துதான் வரும்.

இவற்றோடு கடலும் ஏறுகிறது. வடக்கே மேபோர்ட்டில் உள்ள கடல்மட்ட அளவுமானியின் கணக்குப்படி அந்தக் கரையில் நூறாண்டில் ஏறக்குறைய ஓர் அடி. 2016இல் மேத்யூ புயலும் 2017இல் இர்மா புயலும் நகரின் தெருக்களில் கடல்நீரைக் கொண்டுவந்தன. கோட்டைக்கு முன்னால் அமெரிக்கர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கடற்சுவர் இருக்கிறது. அதையும் காப்பதற்காக, அதற்கு முன்னால் தாழ்வான தடுப்பு ஒன்றை வைத்து, இடையில் சேறு படிந்து சதுப்புப் புல்லும் கண்டலும் வளர விட்டிருக்கிறார்கள். அலை அங்கேயே பாதி ஓய்ந்துவிடும். கறுங்கண்டல் அங்கே தழைப்பது ஒரு விதத்தில் கெட்ட செய்தி. உறைபனி குறைந்துவருவதால்தான் அது ஃபுளோரிடாவில் வடக்கு நோக்கி நகர்ந்திருக்கிறது. பிச்சாவரத்தில் நாம் பார்க்கும் வெண்கண்டலும் அதே பேரினம்.

என்னைக் கேட்டால், மதிலுக்குச் சுண்ணாம்புப் பூச்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முழுவதும் முடியாவிட்டால் கடலைப் பார்க்கும் பக்கமாவது. உதிர வேண்டியது பூச்சாக இருக்கட்டும்; அதை எத்தனை முறை வேண்டுமானாலும் பூசலாம். கல் அப்படியல்ல. அனஸ்டேசியா தீவில் ஸ்பானியர்கள் கல்வெட்டிய பழைய குழிகள் இன்று மாநிலப் பூங்கா ஒன்றின் எல்லைக்குள், பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக இருக்கின்றன. கோட்டைக்கென்று அங்கே போய் இனி புதிதாகக் கல் வெட்ட முடியாது.